குருட்டு வண்டிக்குப் பகல் பாஸ்

ஏப்ரல் 14, வெள்ளி

பெயில்.

வண்டி ரோட்டில் ஓடலாமா என்று சோதனை போட்டவன் எர்ட்டி. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்ச். என்னைப் பார்த்துக் காப்பியடித்தே கணக்கில் தேறியவன். அந்த நன்றி ஒரு சொட்டாவது இருக்க வேண்டாமா? என் வண்டியைச் சுற்றி மூன்று முறை வந்தான். முப்பத்திரண்டு வயது ரேஸ் மோட்டார் சைக்கிள், ஊதாவும் ரோஸும் கலந்த வண்ணம். அந்தக் காலத்தில் அதுதான் அழகு. இன்றும் அதுதான் அழகு என்று நான் சொல்கிறேன்.

"இது நம்பர் பிளேட்டா, தபால் தலையா?" என்றான். ஹாரனை அமுக்கினான். ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. வெளியே மேய்ந்துகொண்டிருந்த நிஜ ஆடு ஒன்று பதில் வேறு சொன்னது. சைலன்சர் ரேஸ் மைதானத்துக்கு மட்டுமாம். அசல் சைலன்சர் எங்கே என்று கேட்டான். அது மிமி அக்கா வீட்டுக் கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது என்று எப்படிச் சொல்வது?

இதெல்லாம் சரிசெய்யலாம். ஹெட்லைட்தான் கழுத்தை அறுக்கிறது.

"உள்ள இருக்கிற வெள்ளிப்பூச்சு மொத்தமும் உப்புக்காத்துல உரிஞ்சு போச்சுடா மாக்னி. உன் மூக்குக்கூடத் தெரியாது."

"புதுசு?"

"கம்பெனிக்காரன் இதைச் செய்றத நிறுத்தி இருபது வருஷம் ஆச்சு."

ஐம்பத்தேழு வயதில் அந்த வண்டியில் குனிந்து உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன். முதுகும் பெயில்.

ஏப்ரல் 15

சைலன்சரைக் கேட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அங்கேதான்.

அப்பா போகும்போது வீட்டை எனக்கு எழுதினார். வீட்டை ஒட்டிய கொட்டகையையும் நிலத்தையும் அக்காவுக்கு எழுதினார். அக்கா இருப்பது தீவின் வடகோடியில், கல்லிவோவில். நான் தென்கோடி. ஆனால் அவளுடைய இரண்டு கிடாக்கள், கர்னலும் பாதிரியும், என் ஜன்னலுக்கு வெளியேதான் மேய்கின்றன. மழை பெய்தால் என்னை முறைக்கின்றன.

"ஓடாத வண்டிக்குக் கொட்டகை, உசுருள்ள கிடாவுக்கு மழையா?" என்றாள்.

"ஓடும்க்கா. டெஸ்ட் பாஸாயிடும்."

"பாஸானா மட்டும் போதாது. மாசாமாசம் முதல் ஞாயித்துக்கிழமை என் வீட்டு டீக்கு அதுலதான் வரணும். வர்ற வசந்தம் வரைக்கும். ஒரு மாசம் தவறினாலும் கிடா உள்ள, வண்டி வெளிய. சரியாடா?"

சரி என்று சொல்லித் தொலைத்தேன். வெளியே வைத்தால் இந்த உப்புக்காற்றில் ஒரே குளிர்காலத்தில் வண்டி துருவாகிவிடும். அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் 27

பாஸ்! ஆனால் எப்படிப்பட்ட பாஸ்!

எர்ட்டி என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "விளக்கு இருந்து அது மங்கலா எரிஞ்சா பெயில். விளக்கே இல்லாத வண்டின்னா விளக்கை நான் பார்க்கவே வேண்டாம். ஒயரைக் கழட்டிட்டு, முன்னாடியும் பின்னாடியும் கறுப்பு டேப்ப ஒட்டிட்டு வா. பகல்ல மட்டும் ஓட்டலாம்னு எழுதித் தர்றேன்."

"இதெல்லாம் சட்டத்துல இருக்கா?"

"பின்ன, நானா உட்கார்ந்து யோசிச்சேன்?"

வெயில் இருக்கும்வரை ஓட்டலாம். இருட்டிலும் கூடாது, மூடுபனியிலும் கூடாது.

அக்காவிடம் சொன்னேன். "கண்ணு மங்கலா இருந்தா ஓட்டக்கூடாது, குருடா இருந்தா ஓட்டலாமா?" என்றாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், போன் கையில் அதிர்ந்தது. அவள் வீட்டுக்காரர் கில்பர்ட் மச்சான் போனபிறகு அவள் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. மேலே இருந்து அவரும் சிரித்திருப்பார்.

மே 7, ஞாயிறு

இரண்டு மணி டீக்கு முதல் பயணம். டேப் ஒட்டிய முகத்தோடு வண்டி முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருக்கிறது. இந்த வடகடல் தீவில் கோடை வந்தால் இரவு ஒன்பது வரை வெளிச்சம். நிதானமாகத் திரும்பினேன்.

ஜூன் 4

இரவு பத்து மணி. வெயில். நான் ரோட்டில். விளக்காம், விளக்கு! யாருக்கு வேண்டும்?

ஜூலை 2 – இல்லை, 4

நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்து மொத்தத் தீவையும் மூடிவிட்டது. வாசலில் நிறுத்திய வண்டி வாசலிலிருந்தே தெரியவில்லை.

"கார்ல கொண்டுபோய் விடறேன், கிளம்பு," என்றாள் அக்கா.

"வண்டியை இந்தக் காத்துல விட்டுட்டா? நான் வரமாட்டேன்."

இரண்டு ராத்திரி அங்கேயே. படகு வேலைக்கு லீவு சொன்னபோது கேப்டன் கேட்டார்: "எதுல மாட்டிக்கிட்ட?" மோட்டார் சைக்கிளில் என்றேன். "அது ஓடற சாமான் இல்லையாப்பா?"

போட்டுக்கொள்ள கில்பர்ட் மச்சானின் கோடு போட்ட பைஜாமாவை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஆறடி நாலு அங்குலம். நான் நின்றால் பைஜாமா இன்னும் ஒரு முழம் தரையில் படுத்திருக்கிறது.

"மடிச்சுக்கோ. வெட்டிடாத," என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

அக்டோபர் 1

தப்பித்தேன். ஆறரைக்குள் வீடு. கர்னல் ஏமாந்த முகத்தோடு கொட்டகைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றது.

நவம்பர் 1

அக்காவிடமிருந்து போன். ஞாயிறு டீ இனிமேல் நாலு மணிக்காம். குளிர்காலத்தில் நாலுக்கே இங்கே இருட்டிவிடும்! வேண்டுமென்றேதானே செய்கிறாள்? கிடாவுக்காகத் தம்பியையே கவிழ்க்கப் பார்க்கிறாள். நானும் அதே வயிற்றில் பிறந்தவன்தான். பார்த்துவிடலாம்.

நவம்பர் 6, திங்கள்

நேற்று மதியம் இரண்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

"டீ நாலு மணிக்குன்னு சொன்னேனே?"

"காத்திருக்கேன்."

"அப்புறம் எப்படிப் போவே?"

"போகமாட்டேன். காலையில சூரியன் வந்தப்புறம் போவேன். சட்டம்."

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உருளைக்கிழங்கு இன்னும் நாலு எடுத்து உரித்தாள். ராத்திரி பைஜாமா தடுக்கி மாடிப்படியில் விழுந்தேன். படியோரத்து அலமாரியிலிருந்த பீங்கான் நாய் பொம்மை ஒன்று காலி. ஜோடியாக இருந்தது. இப்போது ஒற்றை.

டிசம்பர் 6

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். ஞாயிறு போனவன், புதன் திரும்பினேன். பனி, அதன்மேல் புயல். பகல் என்று ஒன்று வந்தால்தானே கிளம்ப? நான் என்ன செய்ய?

அக்கா கொதித்துவிட்டாள். "நீ விருந்தாளியா, குடியிருக்கியா? ஒரு வாரத்துக்குன்னு வெச்ச உப்புக்கண்ட சூப்பை ரெண்டு நாள்ல வழிச்சுட்டே. குறட்டை விட்டா பாத்திரம் ஆடுது. டிவியில எனக்குப் பிடிச்ச எதையாவது பார்க்க முடியுதா?"

"டீயை ரெண்டு மணிக்கு மாத்திடேன்."

"மாட்டேன்."

"ஏன்?"

"என் வீடு, என் டீ."

இது என்ன பிடிவாதம்? ரெண்டு மணிக்கு வைத்திருந்தால் நான் அன்றைக்கே தொலைந்திருப்பேன். அவளுக்கும் நிம்மதி. சத்தியமாக எனக்கு விளங்கவில்லை.

டிசம்பர் 19

காலையில் ஜன்னலைத் திறந்தால் பாதிரி மட்டும் நிற்கிறது. கர்னலைக் காணோம். வேலி நன்றாகத்தான் இருக்கிறது. கேட் கொக்கியும் போட்டபடி இருக்கிறது. அக்கா போனை எடுக்கவில்லை.

டிசம்பர் 20

வாசலில் ஒரு அட்டைப்பெட்டி. மேலே அக்காவின் கையெழுத்து: "தயவுசெய்து ராத்திரியில் வீட்டுக்குப் போ."

உள்ளே ஹெட்லைட். என் வண்டிக்கே உரியது! உள்ளே வெள்ளிப்பூச்சு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஒரு புள்ளி துரு கிடையாது.

போன் செய்தேன்.

"எங்கக்கா கிடைச்சுது?"

"உன்ஸ்ட் தீவுல ஒருத்தன். உன்ன மாதிரியே பைத்தியம். இதே வண்டிய வீட்டுக் கூடத்துல நிறுத்தி அதுமேல துணி காயப்போடறான். ஓட்டறதில்லையாம், விளக்கு மட்டும் தர்றேன்னான். பதிலுக்கு என்ன வேணும்னு கேட்டேன்."

"என்ன கேட்டான்?"

"கிடா."

கர்னலைக் கொடுத்திருக்கிறாள்! எந்தக் கிடா நனையக்கூடாது என்று எட்டு மாதமாக என் உயிரை எடுத்தாளோ, அந்தக் கிடாவை! என் வண்டியின் கண்ணுக்கு! பாவி, அழவைத்துவிட்டாள்.

"கர்னல் அங்க நனையாதா?"

"அவன் கூடத்துலதான் இருக்கு. வண்டி பக்கத்துல."

டிசம்பர் 29

டேப்பைப் பிய்த்தேன். ஒயரை மாட்டினேன். எர்ட்டியிடம் மறுபடி சோதனை. விளக்கை எரியவிட்டதும் அவனே ஒரு அடி பின்வாங்கி, "படகுக்காரங்க கலங்கரை விளக்கம்னு நினைச்சுடப் போறாங்கடா," என்றான். முழு பாஸ். இரவும் பகலும்.

ஜனவரி 8, திங்கள்

நேற்று டீ நாலு மணிக்கு. இருட்டில்தான் போனேன், வேண்டுமென்றே. வெளிச்சத்தைப் பார்த்து அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். பானக் ரொட்டி, சூப், மூன்று வகை கேக். ஒற்றை நாய் பொம்மையைப் பற்றிக் கொஞ்சம் திட்டு. ஏழு மணிக்கு எழுந்தேன்.

"கிளம்பறேன்க்கா."

"ம். போ. அதுக்குத்தானே வாங்கிக் கொடுத்தேன்."

வண்டியைத் திருப்பினேன். புது விளக்கு வீட்டின் பக்கவாட்டில் அடித்தது. கண்ணாடித் தாழ்வாரத்தின் உள்ளே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதில் கில்பர்ட் மச்சானின் கோடு போட்ட பைஜாமா. கால்பக்கம் ஒரு முழம் வெட்டி, விளிம்பு மடித்து, என் அளவுக்குத் தைத்திருந்தது.

எஞ்சினை அணைத்தேன். அந்த நாலு மணி டீ எதற்கென்று இந்த மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போனேன். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"விளக்கு கொஞ்சம் மங்கலாத்தான் இருக்குக்கா," என்றேன்.

"தெரியும்டா," என்றாள். "படுக்கை போட்டாச்சு."