பின் சீட்டுக்காரர்

12 ஜூன் 2024, புதன்

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது நாள். பாப்பாவுக்குப் புதுப் பை, புதுத் தண்ணீர் பாட்டில், அதே பழைய அழுகை. இவர் புல்லட்டை ஸ்டார்ட் செய்ததும் அழுகை நின்றுவிட்டது. முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்கு டாட்டா காட்டுகிறாள். அப்பாவைவிட அந்த வண்டி மேல்தான் அவளுக்குப் பிரியம் என்று இவர் அடிக்கடி சொல்வார்.

அவளை விட்டுவிட்டு இவர் பெயிண்ட் கடைக்குப் போவார். நான் ஸ்கூட்டியில் மெடிக்கல் ஷாப்புக்கு. ஞாயிறு ஒட்டன்சத்திரம் வரை ரைடு இருக்கிறதாம். பூட்டுக்குப் பேர்போன ஊர் என்பதால் இவர்கள் கூட்டத்துக்குப் ‘பூட்டூர் ரைடர்ஸ்’ என்று பிரான்சிஸ் அண்ணன் பெயர் வைத்திருக்கிறார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனாலும் அத்தனை வண்டிகளோடு இவர் முதுகைப் பிடித்துக்கொண்டு போகும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

18 ஜூன், செவ்வாய்

பாப்பா தூங்கிவிட்டாள். இப்போதுதான் எழுத முடிகிறது.

ஷூ மாட்டிக்கொண்டிருந்த பாப்பாதான் முதலில் பார்த்தாள். “அம்மா, அப்பா கீழ படுத்து ஆடுறாங்க.”

விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். ஓடிப்போய்ப் பார்த்தால் கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வாயோரம் நுரை. தினமும் மருந்து விற்கிறவள்தான் நான், ஆனாலும் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அத்தை சாவிக் கொத்தைக் கொண்டுவந்து இவர் கையில் திணித்தார். வலிப்பு தானாகத்தான் நின்றது.

கண் திறந்ததும் கேட்டது, “பாப்பாவ ஸ்கூல்ல விட்டாச்சா?”

பத்து நிமிஷம் கழித்து வந்திருந்தால்? பாப்பா முன்னால், வண்டி ரவுண்டு ரோட்டில் — வேண்டாம். அதை எழுத மாட்டேன்.

18 ஜூலை, வியாழன்

போன வாரம் இன்னொரு தடவை வந்தது. இவர் கடையில். ஆளில்லாத நேரம். நாக்கைக் கடித்து ரத்தம்.

மதுரையில் டாக்டர் ஸ்கேனெல்லாம் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். மாத்திரை விடாமல் சாப்பிட்டால் கட்டுப்பட்டு நிற்கும், பயப்பட ஒன்றுமில்லை. “ஆனா வண்டி ஓட்டக் கூடாது. பக்கத்துத் தெருவுக்குக்கூட.”

இவர் அதற்கப்புறம் டாக்டர் சொன்ன எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கொடைரோடு தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். “யார்ட்டயும் சொல்லாத. வலிப்புன்னு தெரிஞ்சா ஊரே இரும்பத் தூக்கிட்டு ஓடி வரும்.”

28 ஜூலை, ஞாயிறு

காலையில் வாசலில் ஒரே ஹாரன். ரைடுக்கு இவரைக் கூப்பிட எல்லாரும் வந்துவிட்டார்கள். இவர் உள்ளறையில் இருந்துகொண்டு, வரவில்லை என்று சொல்லச் சொன்னார்.

கூட்டத்திலேயே வாய் அதிகம் முகேஷ்குமாருக்கு. “என்ன அண்ணி, அண்ணன வீட்டுச் சிறையில போட்டுட்டியளா?”

நான் பதில் தேடுவதற்குள் உள்ளேயிருந்து இவர் குரல்: “ஆமாடா, உங்க அண்ணி விடமாட்டேங்குறா!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அவர்கள் போனபிறகு கேட்டைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

இன்றும் வந்தார்கள். இன்றும் நான்தான் விடாதவள். சரி, இருந்துட்டுப் போறேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

இவர் போர்ட்டிகோவில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்டாண்டில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்து செத்த நேரம் எதிர்ச் சுவரைப் பார்த்தார். பிறகு இறங்கிவந்து, “வித்துரலாம்” என்றார்.

வேண்டாம் என்றேன்.

“பின்ன? நிப்பாட்டி வச்சு மாலை போடப் போறியா?”

“நான் ஓட்டுறேன்.”

எப்படி வாயில் வந்தது? முன்கூட்டி யோசிக்கவே இல்லை. சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. “உன்னய மாதிரி மூணு பேரத் தூக்கி வச்சாலும் அது கனத்துக்கு வராது. தெரியுமா?” என்றார்.

“நான் அதைத் தூக்கிட்டுப் போகப் போறதில்லங்க. ஓட்டத்தான் போறேன்.”

25 ஆகஸ்ட், ஞாயிறு

கியர் வண்டிக்கு எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. தெருக்கோடியில் கல் ஊன்றிப்போட்ட காலி மனைகளில் பழகுவது என்று முடிவு. விடிந்ததும், ஜன நடமாட்டத்துக்கு முன்னால் கிளம்பினோம். வாசலிலிருந்து அங்கே வரை இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். இவர் புல்லட்டைத் தள்ளி நான் பார்த்ததே இல்லை. சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

கிளட்சை விட்டேன், வண்டி குதித்து நின்றது. மறுபடி விட்டேன், மறுபடி குதித்தது. கடைசியாகக் கொஞ்ச தூரம் ஓடியது. அந்தச் சந்தோஷத்திலேயே திருப்பப் போய் வலதுபக்கம் சாய்ந்து விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு. வண்டி எதுவும் ஆகாமல் படுத்திருந்தது.

இவர் ஓடி வந்தார். என் கையைப் பார்த்தார். வண்டியைத் தூக்கித் தருவார் என்று ஒதுங்கி நின்றேன். தூக்கவில்லை.

“நான் இல்லாத எடத்துல விழுந்தா யார் தூக்குவா? திரும்பி உக்காரு. முதுகை சீட்டுல குடு. கையால இழுக்காத, காலால எந்திரி.”

முதல் தடவை முடியவில்லை. இரண்டாவது தடவையும் முடியவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மனுசன் கல்லு மாதிரி நிக்கிறாரே! அந்த ஆத்திரத்தில் ஒரு உந்து உந்தினேன். வண்டி எழுந்துவிட்டது.

இந்தக் கனத்தை நான் தூக்கினேன். நானா?

15 செப்டம்பர், ஞாயிறு

மூன்றாவது கியர். காற்று காதில் இரைகிறது. “கிளட்ச்சு! கிளட்ச்சு!” என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வருகிறார். இத்தனை நாளில் இன்றுதான் இவர் வாய்விட்டுக் கத்தியது. கேட்க நன்றாக இருந்தது.

10 அக்டோபர், வியாழன்

லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போட்டேன். கால் ஊன்றாமல். வரிசையில் நின்ற ஆம்பிளைகள் முதலில் தங்களுக்குள் சிரித்தார்கள். வண்டி நின்றபோது சிரிப்பு இல்லை.

14 அக்டோபர், திங்கள்

ஆயுத பூஜை லீவு முடிந்து பாப்பாவைப் புல்லட்டில் கொண்டுபோய் விட்டேன். பள்ளி வாசலில் நின்ற வாட்ச்மேன் அண்ணன் வண்டிச் சத்தம் கேட்டு இவர் என்று நினைத்து வணக்கம் வைத்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் முழிக்க, பாப்பா அவரிடம் போய், “எங்க அம்மாதான்!” என்றாள். அவ்வளவு சத்தமாக அவள் வகுப்பில் பதில்கூடச் சொன்னதில்லையாம்.

இதை இவரிடம் சொன்னேன். சிரித்தார். அப்புறம் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். எனக்குப் புரிகிறது. அந்த வணக்கம் இவருக்கு வைத்த வணக்கம்.

1 டிசம்பர், ஞாயிறு

கேட்டேவிட்டேன். “பின்னால உக்காருறீங்களா?”

“மாட்டேன்.”

அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். அவர்தான் முதலில் தடுப்பார் என்று இருந்தேன். தலையைக்கூடத் தூக்காமல், “எனக்கு நீ உசுரோட வீடு வந்து சேந்தாப் போதும்டா. முன்னாடி உக்காந்தா என்ன, பின்னாடி உக்காந்தா என்ன?” என்றார்.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இன்று அத்தைக்குப் பிடித்த வெஞ்சனம் செய்தேன். வேறெப்படி நன்றி சொல்வது?

9 ஜனவரி 2025, வியாழன்

மதுரை. ஜூலைக்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. டாக்டருக்கே சந்தோஷம். பின்னால் உட்காரலாமா என்று நான்தான் கேட்டேன். மாத்திரையும் தூக்கமும் தவறாமல், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, மெதுவாகப் போவதென்றால் உட்காரலாம் என்றார். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது காதைப் பார்த்தாலே தெரிந்தது.

19 ஜனவரி, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

பொங்கல் முடிந்து வரும் ஞாயிறு பூட்டூர் ரைடர்ஸுக்கு ‘நன்றி ரைடு’. ஆத்தூர் அணைக்குப் போய், வண்டியை வரிசையாக நிறுத்தி, போன வருஷத்தில் யாருக்கு, எதற்கு நன்றி என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை ஆரம்பித்ததே இவர்தான். இந்த வருஷம் போகமாட்டார் என்று இருந்தேன். காலையில் நான் பாப்பாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது ஹெல்மெட்டோடு வந்து நின்றார்.

“பாப்பா அப்பத்தாட்ட இருக்கட்டும். போலாம்.”

அவ்வளவுதான். பின்னால் ஏறி உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை இவருக்கு. முதலில் கம்பியைப் பிடித்தார். மேம்பாலம் ஏறும்போது என் தோளைப் பிடித்தார்.

கிளம்புமுன் எல்லாரும் கூடும் இடத்தில் எங்களைப் பார்த்ததும் முகேஷ்குமார் விசில் அடித்தான். “அண்ணே, சீட்டு மாறி உக்காந்துட்டியளே!” ஒரே சிரிப்பு. என் தோளில் இருந்த கை எடுபட்டது. நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இறங்கிவிடுவார்.

செம்பட்டி வழியாகப் போனோம். யாரையும் முந்தவில்லை. ஆனால் ஒரு தடவைகூட வண்டி என் கையில் ஆடவில்லை. இதை யாரிடம் சொல்வது? இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அணையில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. முகேஷ்குமார் வேடசந்தூர் பக்கம் ஒரு லாரி டிரைவருக்கு நன்றி சொன்னான். வளைவில் எதிரே வண்டி வருவதைக் கை நீட்டிக் காட்டி இவனைக் காப்பாற்றினாராம், பெயர்கூடத் தெரியாது. பிரான்சிஸ் அண்ணன் இரண்டாகப் பிளந்த ஹெல்மெட்டைக் கொண்டுவந்து காட்டி, “மண்டை இதுக்குள்ள இருந்துச்சு” என்றார். பேக்கரி வைத்திருக்கும் இஞ்ஞாசி அண்ணன், கூட்டத்தில் மூத்தவர், “கர்த்தருக்கு நன்றி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்.

அடுத்து இவர்.

“நான் ஒரு பத்து நிமிசத்துக்கு நன்றி சொல்லணும்” என்று ஆரம்பித்தார். “எனக்கு வலிப்பு இருக்கு.”

எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

“ஜூன்ல வந்துச்சு. இன்னும் பத்து நிமிசம் கழிச்சு வந்திருந்தா வண்டியில இருந்திருப்பேன், முன்னாடி எம்மக இருந்திருப்பா. அந்தப் பத்து நிமிசத்த யார் குடுத்தான்னு எனக்குத் தெரியாது. யார் குடுத்திருந்தாலும் நன்றி. இன்னொண்ணு. இவ என்னய விடமாட்டேங்குறான்னு சொன்னேன்ல? பொய். நாந்தேன் சொல்ல வெக்கப்பட்டு இவ மேல போட்டேன். வண்டிய விக்கப் போனேன். விக்க விடாதவ இவதேன். இப்ப நான் பின் சீட்டுக்காரன். ஓட்டுறவ என் பொண்டாட்டி. இம்புட்டு தூரம் வந்தோமே, எங்கயாச்சும் ஒரு குலுக்கல் இருந்துச்சா? நீங்களே பின்னாடி இருந்து பாத்தீங்கள்ல?”

குரல் கடைசியில்தான் உடைந்தது. நான் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அண்ணி, நீங்களும் சொல்லணும்” என்று யாரோ சொன்னார்கள். எதையும் யோசித்து வரவில்லை நான். “பழகுறப்ப வண்டியோட விழுந்தேன். இவரு தூக்கிக் குடுக்கல. அதுக்கு நன்றி” என்றேன். முதலில் சிரித்தது இவர்தான். அப்புறம்தான் மற்றவர்கள்.

கிளம்பும்போது இஞ்ஞாசி அண்ணன் எங்கள் வண்டியருகே வந்தார். ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக இவரிடம், “ஈஸ்வரு, மதுரையில எந்த டாக்டரு?” என்றார்.

இவர் சொன்னார்.

“எம்மகளுக்கு இருக்குப்பா. காலேஜ் சேந்ததுல இருந்து. கலியாணம் காட்சி நடக்கணுமேன்னு வெளிய மூச்சு விடல. வைத்தியத்தக்கூட ஒழுங்காப் பாக்கல.” அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. இவர் அவர் தோளில் கைபோட்டு அணைக்கரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். நான் வண்டியில் சாய்ந்து நின்று இருவர் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் இவர் முன் வண்டியாகப் போவதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். இன்று பட்டது வேறு மாதிரி. அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை.

20 ஜனவரி, திங்கள்

முகேஷ்குமார் கடைக்கு வந்தான். தைலம் ஒன்று வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான். “அண்ணி, வாயிருக்குன்னு பேசிட்டேன்” என்றான். பிறகு, அண்ணனுக்கு ரைடில் எதுவும் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதுவும் வைக்காதே, அழுத்திப் பிடிக்காதே, நிற்கும்வரை கூடவே இரு என்று சொல்லிக் கொடுத்தேன். அங்கேயே நின்று போனில் ஏற்றி, எல்லாருக்கும் அனுப்பிவிட்டான்.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஒட்டன்சத்திரம் போய் வந்தோம். வழியெல்லாம் காய்கறி லாரிகள். பின்னால் வருகிறவர்களுக்கு இவர் கை நீட்டிச் சைகை காட்டிக்கொண்டே வந்தார். எனக்கு இடுப்பு வலி. பரம சந்தோஷம்.

14 மார்ச், வெள்ளி

மாலையில் கடையில் நல்ல கூட்டம். இஞ்ஞாசி அண்ணன் மகள் வந்திருந்தாள். அவளை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். ஒல்லியாக, அப்பாவின் அதே மூக்கு. மதுரை டாக்டரிடம் போக ஆரம்பித்ததிலிருந்து நன்றாக இருக்கிறாளாம். மருந்துச் சீட்டை நீட்டினாள். யாருக்கு என்று வழக்கம்போல் கேட்டேன்.

“எனக்குத்தான்க்கா. வலிப்பு மாத்திரை” என்றாள். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். அவள் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

இவரும் கடையை அடைத்துவிட்டு, என்னோடு வீட்டுக்குத் திரும்ப ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றிருந்தார். இத்தனை நாளும் இவர் மாத்திரையை நான்தான் கைப்பையில் வைத்துக் கொண்டுபோவேன். இவர் கடையில் வாங்கியதே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து கவுண்டரில் கையை ஊன்றினார்.

“எனக்கும் அதேதேன். ஒரு அட்டை குடுங்க.”

இரண்டு அட்டை எடுத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன்.