கோழிக் கணக்கில் போன அரிசி

செவ்வாய், இரவு

நாட்டின் தானியக் கணக்கை இன்றைக்கும் நான்தான் காப்பாற்றினேன். என்னிடம் வேலை கற்ற முரளி இப்போது எனக்கு மேலதிகாரி. விளைந்ததிலிருந்து ஏற்றுமதி, சாப்பாடு, விதை, சேதாரம் எல்லாம் கழித்தும் அரிசி ஏராளமாக மிஞ்சியது. அதை அப்படியே தீவனம் என்ற வரியில் தள்ளிவிட்டான். அட்டவணை நாளை டெல்லிக்குப் போகிறது. தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

"இவ்வளவு அரிசியைக் கோழி தின்னாது, முரளி."

"தின்னுட்டுப் போவுது, விடுங்க சார். கோழி வந்து கேஸா போடப்போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மாநிலவாரியாகப் பார்த்தேன். ஒரு மாநிலம் மட்டும் நெல்லின் எடையை அனுப்பியிருந்தது. அதை உமியும் தவிடுமாக மற்ற மாநிலங்களின் அரிசியோடு கூட்டியிருக்கிறான். அரிசியாக மாற்றிப் போட்டதும் அந்த மிச்சம் காணாமல் போனது.

மாலையில் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது முரளி போன் செய்தான். "சார், அதை நான் கண்டுபிடிச்சதா டைரக்டர்கிட்ட சொல்லிக்கட்டுமா? கோச்சுக்காதீங்க."

போன முறை இப்படித்தான் என் பதவி உயர்வை வாங்கிக்கொண்டான்.

"தாராளமா சொல்லு," என்றேன்.

பிழை யாருடையது, திருத்தியது யார் என்று அட்டவணையின் அடிக்குறிப்பில் எழுதி, ஆபீஸிலிருந்து கிளம்புமுன்பே டைரக்டருக்கு அனுப்பிவிட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை. நாளைக்கு அவரே சொல்வார்.

சிட்லபாக்கத்தில் நல்ல மழை. தூக்கம் சொக்குகிறது.

டைரக்டர் அடிக்குறிப்பெல்லாம் படிப்பார். படிப்பார்.