நினைவு மலரின் அட்டையில் இருக்கும் காகம்

என்ரை சுகந்தி மச்சாளுக்கு,

உன் வகுப்பை என்னிடம் தந்துவிட்டார்கள். நீ போன அடுத்த கிழமையே அதிபர் கூப்பிட்டு, "நீர் அவவின்ரை சொந்தக்காரிதானே, பிள்ளையளுக்கும் உம்மைத் தெரியும், நீரே எடும்" என்றார். சொந்தம் என்றால் வகுப்பும் கைமாறும் என்று நினைத்தாரோ தெரியாது. டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன ரீச்சர் திரும்பி வருவா என்று இருந்த பிள்ளைகள், நான் உள்ளே வந்த பிறகும் கதவைத்தான் பார்த்தார்கள்.

நான் தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிப்பித்தவள். கவிதை என்றால் வாசிக்க வேண்டும், விளங்க வேண்டும், அதற்குப் பஞ்சும் பசையும் எதற்கு என்று உன்னோடு எத்தனை தரம் வாதாடியிருப்பேன். நீ சிரிப்பாய். "நீ புத்தகத்தைத் தின்னுறனீ. இதுகளுக்கு இப்பதானடி பல்லு விழுந்து முளைக்குது."

மழைப் பாட்டுக்கு ஈர்க்கில் வெள்ளை நூல்களைக் கட்டித் தொங்கவிட்டாய். பட்டப் பாட்டுக்கு வாலில் வரிகளைத் துண்டு துண்டாக ஒட்டி, கையில் எந்த வரி அகப்படுகிறதோ அதிலிருந்து பாடவைத்தாய். காகப் பாட்டுக்குப் பிள்ளைகள் தங்கள் கையையே கறுப்புத் தாளில் வைத்துக் கீறி, வெட்டி, செட்டையாக ஒட்டினார்கள். விரல்கள்தான் இறகு. அந்தக் காகத்தை ஐஸ்பழத் தடியில் ஒட்டி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வகுப்பில் வாயே திறக்காத ஜெனிற்றா பாட்டு முழுவதையும் சொன்னாள் என்றாய். நான் பாதிதான் நம்பினேன்.

பிறகு, வலயக் கல்விப் பணிமனையிலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அதற்கு முதல்நாள் பின்னேரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். பிள்ளைகள் செய்தவை சுவரிலிருந்து இறங்கும். ரீச்சர்மார் செய்தவை ஏறும். அதைப் பொய் என்று ஒருவரும் சொல்வதில்லை. சுவரை வடிவாக்குவது என்றுதான் சொல்லுவோம்.

நானும் வடிவாக்கினேன். போனில் ஒரு மாதிரியைப் பார்த்து, எல்லாம் ஒரே அளவில், ஒரே பக்கம் பார்க்கும் காகங்களாக வெட்டினேன். உன் பிள்ளைகளின் காகங்களில் ஒன்றுக்கு ஒரு செட்டைதான் இருந்தது, இன்னொன்று தலைகீழாகத் தொங்கியது, எல்லாவற்றிலும் பசை வழிந்திருந்தது. கழற்றிப் பெட்டியில் போட்டுக் கதவு மூலையில் வைத்தேன். காலமை வளவு கூட்டினவர்கள் அந்தப் பெட்டியையும் சருகோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். அவர்களில் பிழை இல்லை. குப்பை மாதிரித்தான் நான் வைத்திருந்தேன்.

மேற்பார்வைக்கு வந்தவர் சுவரைப் பார்த்து, "பிள்ளையளின்ரை ஆக்கம் நல்ல திறம்" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்தக் கிழமையே உன் அம்மா போன் எடுத்தா. "பிள்ளை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிக்கக் குடுக்கப்போறம். அட்டையிலை அவளின்ரை படம் வேண்டாம், என்னாலை பார்க்கேலாது. காகம், காகம் எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாளே, அதிலை ஒண்டு இருக்கே?"

"கொளுத்துப்பட்டுப் போச்சு மாமி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுவரிலிருந்து நான் வெட்டிய காகம் ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி அதைத் தடவிப் பார்த்தா.

"எந்தப் பிள்ளையின்ரை?"

"ஜெனிற்றாவின்ரை."

ஏன் அந்தப் பெயர் என் வாயில் வந்தது? நீ அடிக்கடி சொன்ன பெயர் என்பதாலா?

அந்தியேட்டி அன்று கொழும்புத்துறையிலிருந்து ஜெனிற்றாவும் தாயும் நல்லூருக்கு, உன் வீட்டுக்கு வந்தார்கள். மாமிதான் ஆள்விட்டுக் கூப்பிட்டிருக்கிறா. எனக்குத் தெரியாது. சாப்பாடு முடிந்து எல்லாருக்கும் மலர் கொடுக்கும்போது, மாமி அவளுக்கு முன்னால் குந்தி இருந்தா. "இந்தாங்கோ குஞ்சு, உங்கடை காகம். நீங்கள்தானே செய்தது?"

அவள் அட்டையைப் பார்த்தாள். அந்தச் செட்டையின் மேல் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தாள். அதில் விரல்களே இல்லை, மச்சாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மாமிக்குப் பின்னால் நின்று கண்ணால் கெஞ்சினேன். இதை உன்னிடம் மறைத்து என்ன பயன்?

"ஓம்" என்றாள் ஜெனிற்றா.

நீ அவ்வளவு பாடுபட்டு அவளிடமிருந்து எடுத்த குரல். உன் வீட்டில், உன் தாய்க்கு முன்னால், எனக்காகப் பொய் சொல்லத்தான் அதை நான் வெளியே வரவைத்தேன்.

போன கிழமை மழைப் பாட்டு. நூலும் ஈர்க்கும் தாளும் கொடுத்தேன். எல்லாரும் தொடங்கிவிட்டார்கள். ஜெனிற்றா தன் தாளை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே செய்யுங்கோ ரீச்சர். நீங்கள் செய்தாத்தான் வடிவு." அதில் கோபம் இல்லை, நக்கலும் இல்லை. படித்த பாடத்தை ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். பக்கத்தில் இருந்த பிள்ளையும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் தாளை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியிடம் போனேன். குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. எல்லாவற்றையும் சொன்னேன். "கொளுத்திப்போட்டியளோ" என்று மட்டும் கேட்டா. பிறகு தேத்தண்ணியை ஊற்றி முடித்தா.

"இதை எனக்கேன் சொல்லுறாய்? அந்தப் பிள்ளைக்குச் சொன்னியே?"

"இல்லை மாமி."

"அப்ப உன்ரை நெஞ்சு ஆறத்தான் இஞ்சை வந்தனீ." கோப்பையை என் பக்கம் நகர்த்தினா. "குடிச்சிட்டுப் போ. முதல்ல அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லு."

சிறுபிள்ளைகளைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் நான் வாசித்தது கொஞ்சமில்லை. ஆனால் ஏழு வயசுப் பிள்ளையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் நேற்றிலிருந்து வசனங்களை எழுதி எழுதி வெட்டுகிறேன். நீயாக இருந்தால் எப்படிச் சொல்லுவாய்? நீயாக இருந்தால் சொல்லவேண்டி வந்திருக்குமா?

நாளைக்குக் காலமை, இடாப்பில் பெயர் கூப்பிட முதல், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்லுவேன். உங்கடை காகங்களைக் கழற்றினது நான், அட்டையில் இருக்கிறது நான் செய்தது, ஜெனிற்றாவைப் பொய் சொல்லவைத்ததும் நான் என்று. இந்தக் கடிதத்தை ஆரும் வாசிக்க முதல் அவள் அதைக் கேட்டிருப்பாள்.

கேட்டுவிட்டு அவள் ஒன்றும் சொல்லாமல் விடலாம். இந்தத் தவணை முழுக்கத் தாளைத் தொடாமலும் இருக்கலாம். அப்படியென்றால் அவளுடைய இடம் சுவரில் வெறுமையாகவே கிடக்கும். ஆர் மேற்பார்வைக்கு வந்தாலும், ஏன் வெறுமை என்று கேட்டாலும், காரணத்தைச் சொல்லுவேனே தவிர, அந்த இடத்தை நான் நிரப்பமாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் பிள்ளைகளுக்கு முன்னால் தலை குனிந்து நிற்கும்,
உன்ரை மாமாவின் மகள்,
உன்ரை மச்சாள்.