சேகர் வண்டி எங்கே நிற்கிறது

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஈரத் துப்பட்டாவோடு ஆபீஸ்.

மெட்ரோவில் ஜன்னலோர இடம். இன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம். கீழே சாலையில் பதினான்கு சக்கர வண்டி ஒன்று, நெற்றியில் மயில், சிமெண்ட் லோடு. படம் எடுப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. பாதி மயில்தான் விழுந்தது. அதையே குரூப்பில் போட்டேன்.

லாரிப் படங்கள் போடும் வாட்ஸப் குரூப். முக்கால்வாசிப் பேர் டிரைவர்கள், மிச்சம் என்னைப் போல வண்டிப் பைத்தியங்கள். சேகர் உடனே பதில் போட்டார். "மணிண்ணா, மயிலுக்குத் தலை எங்க? ஆபீஸ்ல அடமானம் வெச்சிட்டியா?"

சேகர் எங்கள் ஊர்க்காரர்தான், ஜீவனஹள்ளி. பழைய பத்து சக்கர வண்டி. குஜராத் லைன். தினமும் காலையில் டீ கிளாஸை பம்பர் மேல் வைத்து ஒரு படம் போடுவார். இன்றும் வந்தது. டீ, பின்னால் மலை, மலை மேல் காற்றாலைக் காற்றாடிகள். 'செம காத்து, கிளாஸே பறக்குது' என்று கீழே ஒரு வரி. கட்டைவிரல் போட்டுவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டேன்.

குரூப்பில் எல்லோருக்கும் நான் மணிண்ணா. மணிமேகலை என்று யாருக்கும் தெரியாது. முகப்புப் படத்தில் என் முகத்துக்குப் பதில் ஒரு டேங்கர். அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதலில் பயம், பிறகு அதுவே சௌகரியம்.

ஞாயிறு ஹோசூரில் குரூப் சந்திப்பு, பாஷா பாயின் டயர் கடையில். போவதா? போய் நின்றால் அவர்கள் முகம் எப்படிப் போகும்? காலையிலிருந்து இதே யோசனை.

தயிர். சோப்பு. அக்காவுக்கு போன் (மாப்பிள்ளைப் பேச்சு எடுப்பாள், நாளைக்கு).

ஜூலை 8, செவ்வாய்

டீ படம் வரவில்லை. சிக்னல் இருக்காது என்று நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் பாஷா பாயின் குரல் செய்தி. "சேகர் வூட்டுலருந்து லதாம்மா போன் பண்ணாங்கப்பா. நேத்து காலையிலருந்து ஆளு போன் எடுக்கல. ரிங் போய்ட்டே இருந்திச்சாம், இப்ப ஸ்விட்ச் ஆஃப். ஓனரைக் கேட்டா, சார்ஜ் போயிருக்கும், வருவான் போங்கன்றான். அந்த லைன்ல போறவங்க கொஞ்சம் கண்ணு வைங்கப்பா."

வண்டியில் ஜிபிஎஸ் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறதாம். ஓனர் போனுக்கு வரும் டோல் கட்டணச் செய்தி மட்டும்தான் தடயம். திங்கள் காலை ஹிரியூர் பக்கத்து டோல் தாண்டியிருக்கிறது. அடுத்த டோல் தாண்டவே இல்லை. நடுவில் எங்கோ நிற்கிறது. ஆனால் அந்த வழி முழுக்க மலை, மலை முழுக்கக் காற்றாடி.

எக்செல் திறந்து கிடக்க, டீ படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளாஸுக்கு இடது பக்கம், ஓரத்தில், ஒரு கோயில் வளைவு. பாதி கட்டியது. ஒற்றைத் தூண், வெளிர் நீலம்.

இதைப் பார்த்திருக்கிறேன். எங்கே?

தண்ணீர் குடித்தேன். கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து உட்கார முடியவில்லை. மாடிப்படியில் நின்றபோது ஞாபகம் வந்தது. தாவணகெரெயில் ஆபீஸ் சிநேகிதியின் கல்யாணம், பஸ் பயணம், வழியெல்லாம் ஜன்னலில் லாரி படம். போனில் தள்ளித் தள்ளி, கண் எரியத் தேடினேன். கிடைத்தது. அறுவடை இயந்திரம் ஏற்றிய சிவப்பு வண்டி. அதன் முதுகுக்குப் பின்னால் அதே நீல வளைவு, அதே ஒற்றைத் தூண். படத்தோடு இடமும் பதிவாகியிருந்தது. சித்ரதுர்காவுக்குக் கொஞ்சம் முன்னால், சர்வீஸ் ரோடு.

இரண்டு படத்தையும் குரூப்பில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. கும்பிடும் கைகள், 'கடவுள் காப்பாத்துவார்', பழைய விபத்து வீடியோ. என் படங்கள் மேலே போய்விட்டன. மறுபடி போட்டேன். மறுபடி மேலே போயின.

மைக்கை அழுத்தினேன். "எல்லாரும் கொஞ்ச நேரம் எதுவும் போடாதீங்க. சேகர் வண்டி நிக்கற இடம் தெரிஞ்சிருச்சு. ரெண்டு படத்தையும் பாருங்க."

குரூப் அப்படியே நின்றது. பிறகு ஒருவர்: "யாரு, மணிண்ணா வீட்டம்மாவா?"

"நான்தாங்க மணி. அதை அப்புறம் பேசிக்கலாம். சித்ரதுர்கா பக்கத்துல யார் இருக்கீங்க, அதைச் சொல்லுங்க."

"நானுங்க, சங்ககிரி குமார். வெங்காய லோடுங்க, தாவணகெரெ தாண்டி வந்துட்டிருக்கேன். லொக்கேஷன் போடுங்ண்ணா..." கொஞ்சம் நிறுத்தி, "...அக்கா."

அப்புறம் காத்திருப்பு. மேனேஜர் வந்து இன்வாய்ஸ் என்றார். என்ன பதில் சொன்னேனோ. போனைக் கவிழ்த்து வைத்தேன், நிமிர்த்தினேன், கவிழ்த்தேன்.

குமார் நேரே என் எண்ணுக்கே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. "வண்டி இருக்குதுங்கக்கா. கதவு உள்ளாற லாக். கண்ணாடிய உடைச்சுட்டேன். ஆளுக்கு உசுரு இருக்குது. வாய் ஒரு பக்கமா கோணியிருக்குது. பேசப் பாக்கறாரு, வார்த்தை வரமாட்டேங்குது."

ஆம்புலன்ஸ் வரும்வரை போனை வைக்காமல் இருந்தார். நானும் வைக்கவில்லை. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கூப்பிடு தூரத்தில் டீக்கடையாம். டிரைவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

ஜூலை 9, புதன்

லீவு. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அலமாரியைக் கலைத்து அடுக்கினேன். மறுபடி கலைத்தேன்.

சேகரின் மனைவி லதா முதல் பஸ்ஸிலேயே சித்ரதுர்கா போயிருக்கிறார். பக்கவாதம். வலது கை, வலது கால். உயிருக்குப் பயமில்லை. முன்னாலேயே கொண்டு வந்திருந்தால் கை தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அந்த 'முன்னாலேயே' காலையிலிருந்து கூடவே திரிகிறது. கட்டைவிரல் போட்ட நேரத்தில் அவர் எப்படி இருந்திருப்பார்?

குரூப்பில் ஒரே அக்கா மயம். ஒருவர் வெளியேறிவிட்டார். இன்னொருவர் தனியாக 'ஹாய் டியர்'. பிளாக். பாஷா பாய் போன் செய்தார். "அரே, ஒரு வார்த்தை முன்னமே சொல்லக் கூடாதாம்மா? எவ்ளோ கெட்ட வார்த்த பேசியிருக்கோம் உன் முன்னாடி!" அவருக்குத்தான் வெட்கம். எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும்.

ஜூலை 13, ஞாயிறு

ஹோசூர் சந்திப்பு தள்ளிப்போய்விட்டது. யாருக்கும் மனசில்லை. சேகர் வண்டியை ஓனர் எடுத்துப்போய் வேறு ஆள் போட்டுவிட்டாராம். லோடு நிற்கக் கூடாதில்லையா.

அக்காவோடு பேசினேன். லாரி குரூப்பிலா இருக்கிறாய் என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

வெயில், திடீரென்று மழை, மறுபடி வெயில். ஜீவனஹள்ளி போனேன். ஆட்டோக்காரர் தெரு முனையிலேயே இறக்கிவிட்டார். "உள்ள திருப்பக்காகலைம்மா, கஷ்டா." வண்டி உள்ளே திரும்பாதாம். ஆப்பிள் வாங்கியிருந்தேன். சேகரால் மென்று தின்ன முடியுமா என்று வாங்கிய பிறகு கவலை. நடுவழியில் நின்று வாழைப்பழமும் வாங்கினேன்.

லதா ஒல்லியாக, சின்ன உருவம். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. சேகர் பிளாஸ்டிக் நாற்காலியில், வலது கை மடியில் சும்மா கிடந்தது. குரூப்பில் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை, எப்போதும் டீயும் வண்டியும்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாய் மெல்லக் குவிந்தது.

"ம...ணிண்ணா."

மூன்று பேரும் சிரித்தோம். அவருக்குப் பாதிச் சிரிப்புத்தான் வந்தது.

உட்கார்ந்த இடத்தில் அவராலும் இருக்க முடியவில்லை. இடது கால் இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டே இருந்தது. குரூப்பைக் காட்டு என்பதுபோல் என் போனுக்கு இடது கையை நீட்டினார். லதா, "பேடா, வேணாம், டாக்டர் டென்ஷன் கூடாதுன்னாரு" என்றார். சேகர் நீட்டிய கையை மடக்கவில்லை.

குமார் எனக்குத் தனியாக அனுப்பிய படங்கள் இருந்தன. கேபினுக்குள் இருந்த சாமான்களை வீட்டுக்குத் தெரிவிக்க எடுத்தவை. வேறெதைக் காட்டுவது என்று தெரியாமல் அதைத் திறந்தேன். ஆனால் வாங்கியது லதா.

"உள்ள இப்படியா இருக்கும்? நா பாத்ததே இல்லம்மா. கல்யாணமாகி இத்தன வருஷம். வண்டியை யஷ்வந்தபுரம் லாரி ஸ்டாண்டுல வுட்டுட்டு பஸ்ல வருவாரு."

விரலால் பெரிதாக்கினார். அடுப்பு, தண்ணீர் கேன், சாமி படம், ஜன்னலில் திரை.

"ஐயே, இது என் சேலை! காணோம்னு வூடெல்லாம் தேடினேனே."

சேகர் வேறெங்கோ பார்த்தார்.

லதா படத்தை நகர்த்தினார். சீட்டுக்குப் பின்னால் படுக்கைப் பலகை. அதன் நீளத்தை விரலால் அளந்து பார்த்தார். பிறகு அவர் பக்கம் திரும்பி, மெதுவாக, "இதுலயா படுப்பீங்க? காலு எப்படி நீட்டுவீங்க?"

சேகர் இடது கையைத் தூக்கினார். விரல்கள் நான்கையும் உள்ளே மடக்கிக் காட்டினார், காலை மடக்கிச் சுருண்டு படுப்பதுபோல.