டைபாய்டு என்று எழுத மாட்டேன், அக்கா

என் கௌரி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத எப்போது அவசியம் வந்தது? ஒரே பாயில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுவோம். இப்போது உன்னிடம் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது. ஊரில் நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மா இன்னமும் ஆவடியில் அதே அபார்ட்மென்டில்தான் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறாள். வெள்ளானூரில் நம் வீட்டுக்கு எதிரே காலியாகக் கிடந்த மனையில் மூன்று மாடி எழும்பிவிட்டது. துணி காயவைக்க வெயில் வருவதில்லை என்று தினம் ஒருமுறை அந்த வீட்டுக்காரரைத் திட்டிவிட்டுத்தான் அம்மா வேலைக்குக் கிளம்புகிறாள். நான் மூன்றாம் வருஷம். கெமிஸ்ட்ரிதான். படிப்பை விடவில்லை. விட வேண்டி வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

உனக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது எனக்கு மூன்றாவது செமஸ்டர் பாதி ஓடியிருந்தது. பெண்கள் வார்டில் துணைக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள். அம்மா பகலில் லீவு போட்டால் வேலை போய்விடும். அதனால் பகலெல்லாம் நான், சாயங்காலத்துக்கு மேல் அம்மா. நாற்பது நாள்.

இரண்டாம் நாளே நீ கேட்டாய். "நீ இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற? காலேஜ் இல்லியா?"

"ஸ்டடி ஹாலிடேஸ்க்கா."

"இம்மா நாளா?"

"இந்த வருஷம் புச்சா உட்டுக்கீறாங்க."

நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் கடைசி நாட்களில் உன்னிடம் இப்படியொரு பொய்யைச் சொல்லிவிட்டேனே என்று எனக்கு ரொம்ப நாள் உறுத்தல். உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு, உன்னோடு செம்பரம்பாக்கம் குடோனில் வேலை பார்த்த ராணியக்கா வந்திருந்தார். அவரிடம் சொல்லி அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ புளுகுறது அவளுக்குத் தெரியும் தேனு. போன்ல எங்கிட்ட சொன்னா. காலேஜுக்குப் போன்னு சொல்லணும்னுதான் இருந்துச்சாம். ஆனா நீ பக்கத்துல இருந்தா அவளுக்கு நல்லா இருந்துச்சாம். அதான் கம்முனு உட்டுட்டாளாம்" என்றார்.

அன்றைக்கு எனக்கு உள்ளே ஏதோ இறுகிப்போனது அக்கா. நான் அங்கே இருந்தது உனக்கு வேண்டியிருந்தது. இனி யார் வந்து என்ன கேட்டாலும் அந்த நாற்பது நாளுக்காக நான் தலை குனியப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்பதற்கு ஆள் சீக்கிரமே வந்தது. எனக்கு ஸ்காலர்ஷிப் தரும் டிரஸ்டின் விதி உனக்கு மனப்பாடம். எழுபத்தைந்து சதவீதம் அட்டெண்டன்ஸ் வேண்டும், அரியர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் இரண்டையும் பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள். எனக்கு அட்டெண்டன்ஸ் அறுபத்து மூன்று. கணக்குப் பரீட்சை நீ போன மறுநாள் வந்தது. நான் போகவில்லை. ஆக ஒரு அரியர். ஜனவரியில் கடிதம் வந்துவிட்டது: ஸ்காலர்ஷிப் நிறுத்தம், விளக்கம் இருந்தால் பத்து நாளுக்குள் எழுதித் தரவும்.

விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் விதிவிலக்குகளைப் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். மாணவருக்கு நோய். தாய் அல்லது தந்தை மரணம். அவ்வளவுதான். நான் மூன்று தடவை படித்தேன். அக்கா என்ற சொல் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

காலேஜில் ஸ்காலர்ஷிப் வேலையைப் பார்க்கும் சுகந்தி மேடம் நல்ல மனுஷி. கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரவைத்தார். "இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதினா ரூல்ல அதுக்கு இடமில்லம்மா. உனக்கே டைபாய்டுன்னு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிட்டு வா. பரீட்சைக்கும் அதனாலதான் வரலன்னு ஒரு வரி எழுது. நான் மேல அனுப்பிடறேன். வருஷத்துக்கு நாலு பேருக்கு இப்படித்தான் போகுது."

"அப்ப எங்க அக்கா, மேடம்?"

"அக்காவைப் பத்தி அவங்க கேக்கவே மாட்டாங்கம்மா. நீயும் சொல்லாத."

பூந்தமல்லியில் பஸ் ஏறி ஆவடியில் இறங்கும்வரை அந்தக் கடைசி வார்த்தையே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் வேலை முடிந்து வரும்போதே அவள் கையில் சர்டிபிகேட் இருந்தது. எந்த கிளினிக்கில் வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. என் பெயர், டைபாய்டு, நாற்பது நாள் ஓய்வு, கையெழுத்து, சீல் எல்லாம் சரியாக இருந்தது.

"இத்த குட்து ஸ்காலர்ஷிப்ப வாங்கு. யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றாள்.

"நான் காய்ச்சல்ல படுக்கலம்மா. அக்காகூட இருந்தேன்."

"செத்தவ கோச்சிக்க மாட்டாடி."

"நான் கோச்சிக்குவேன்."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மகளைப் பறிகொடுத்துவிட்டாள், இன்னொருத்தியின் படிப்பாவது மிஞ்சட்டும் என்று பார்த்தாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் யோசித்துப் பார், நான் அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீ படுத்திருந்ததும், நான் உன் உதட்டைத் தண்ணீரால் நனைத்ததும், நீ போனதும், எல்லாவற்றுக்கும் மேலே என் காய்ச்சல் என்று எழுதி மூடியிருப்பேன். நாளைக்கு யாராவது அந்த ஃபைலைப் பிரித்தால் கௌரி என்று ஒருத்தி இருந்ததே தெரியாது.

நான் எழுதிய விளக்கம் நாலே வரி. "என் அக்கா கௌரி நாற்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். பகலில் நான்தான் துணை. அவர் இறந்த மறுநாள் பரீட்சை, அதனால் எழுதவில்லை. நடந்தது இதுதான்." வருந்துகிறேன் என்றோ மன்னிக்கவும் என்றோ எழுதவில்லை. சுகந்தி மேடம் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். இருந்தும் அனுப்பிவைத்தார்.

கமிட்டியில் மூன்று பேர். என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார்கள். நடுவில் இருந்தவர்தான் கேட்டார். "அக்காங்கறது ரத்த சொந்தம்தான், ஒத்துக்கறேன். ஆனா ரூல்ல பேரன்ட்ஸ்னு இருக்கே. அம்மா இருக்காங்க. அவங்க பாத்துக்கலாமே?"

"அம்மா பகல்ல வேலைக்குப் போனாத்தான் சார் வீட்ல சாப்பாடு."

"அதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்?"

நான் மேஜைமேல் இருந்த ஃபைலைக் காட்டினேன். "சார், என்னை எட்டாவதுல இருந்து படிக்க வச்சது எங்க அக்கா. உங்க ஃபைல்லயே இருக்கு. நான் சேரும்போது கொடுத்த விண்ணப்பத்துல கார்டியன் கையெழுத்து யாருதுன்னு பாருங்க" என்றேன்.

பக்கத்தில் இருந்த அம்மையார் ஃபைலைப் புரட்டினார். பார்த்தார். அதை நடுவில் இருந்தவர் பக்கம் நகர்த்தினார். உன் கையெழுத்து. கௌரி என்று தமிழில், கடைசி எழுத்தின் சுழியை நீட்டி இழுத்து. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "வெளிய இரும்மா" என்றார்.

முழுசாக ஜெயித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அட்டெண்டன்ஸை மன்னித்தார்கள். அரியருக்கு மட்டும் அக்காவின் மரணம் விதிவிலக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். நான்காம் செமஸ்டருக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது, அரியரை முடித்தால் அடுத்த செமஸ்டரிலிருந்து திரும்ப வரும். டைபாய்டு என்று எழுதியிருந்தால் அதுவும் போயிருக்காது. சுகந்தி மேடம் அதைத்தான் சொன்னார். நான் சிரித்தேன்.

அந்த செமஸ்டர் ஃபீஸுக்காக ராணியக்கா என்னை உன் குடோனில் சேர்த்துவிட்டார். சனியும் ஞாயிறும் கம்பெனி வண்டியில் போய்ப் பெட்டிகளை ஸ்கேன் பண்ணினேன். நீ நின்ற அதே லைன். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து நீ எப்படி எனக்குப் பாடம் ஒப்பிக்கவைத்தாய் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. எனக்கு உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வரும். மற்ற நாளில் ஒரு வகுப்புகூட விடவில்லை. அரியர் பேப்பரில் எழுபத்தொன்று. ஸ்காலர்ஷிப் இப்போது திரும்ப வந்துவிட்டது. ரிசல்ட் வந்த அன்று அம்மா, "உன் அக்காளாட்டமே அடம்" என்றாள். திட்டினாளா, மெச்சினாளா என்று தெரியவில்லை. எதுவானாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

இதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதே. உடன்பிறந்தவர்களையும் விதியில் சேர்க்கச் சொல்லி ஒரு மனு எழுதி, வகுப்பில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அடுத்த மாதம் போய்க் கேட்டேன். அதே பதில். அதற்கடுத்த மாதமும் போனேன். அங்கே இருப்பவர்களுக்கு இப்போது என் முகம் பழகிவிட்டது.

போன வாரம் சுகந்தி மேடமே ஒரு பெண்ணை என்னிடம் அனுப்பினார். ஜீவிதா, முதல் வருஷம், பட்டாபிராமிலிருந்து வருகிறாள். அவளுடைய அண்ணன் பைக் விபத்தில் போய்விட்டான். அவள் கையிலும் ஒரு டைபாய்டு சர்டிபிகேட். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். என்ன எழுதுவது என்று நீதான் முடிவு பண்ணணும், உண்மையை எழுதினதால எனக்கு ஒரு செமஸ்டர் பணம் போச்சு, அதையும் தெரிஞ்சுக்கோ என்றேன். அவள் ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறாள். காலையில் வந்து, "எங்க அண்ணன் பேரைப் போட்டே எழுதிட்டேன்க்கா. நீங்க கூட வருவீங்களா?" என்றாள்.

என்னை ஒருத்தி அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை கமிட்டி.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. டிகிரி வாங்குவேன், அதில் சந்தேகமே வேண்டாம். வாங்கிய பிறகும் மாதம் ஒருமுறை அந்த ஆபீசுக்குப் போவேன். அந்தப் பொடி எழுத்துக்கு நடுவில் அக்கா, அண்ணன், தம்பி, தங்கை எல்லாரும் வந்து உட்காரும்வரை போவேன். அவர்கள் சலிக்கட்டும். நான் சலிக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
தேன்மொழி