செல்வியின் முகத்தில் ஸ்டிக்கர்

மார்ச் 10, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. மனசு அந்த ஃபிளெக்ஸிலேயே நிற்கிறது.

மகளிர் தினத்துக்கு எங்கள் பொம்மசந்திரா கம்பெனியில் பெண்களை இரண்டு டீமாகப் பிரித்து ஃபுட்பால் ஆடவிட்டார்கள். பேக்கிங்கில் என் பக்கத்தில் நிற்கும் செல்வி கோல் அடித்தாள். எதிர் டீமில் கோலில் நின்று அதைக் கோட்டைவிட்டது நான்தான். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆபீஸ்காரர்கள் அவள் பந்தை உதைக்கும் படத்தைப் பெரிதாக ஃபிளெக்ஸ் அடித்து, 'பெண் சக்தி' என்று எழுதி கேட்டில் கட்டினார்கள்.

நேற்று அவளைக் கூட்டிப்போக வந்த புருஷன் அதைப் பார்த்துவிட்டான். வாட்ச்மேன் முன்னாலேயே கேட்டான்: "கால காட்டத்தான் வேலைக்கு வரியா?"

இன்று காலை செல்வி எச்.ஆர். சாரிடம் போய் நின்றாள். துணைக்கு நானும் போனேன்.

"அத எடுத்துடுங்க சார். இல்லன்னா என்னை வேலைக்கு அனுப்ப மாட்டாரு."

"நல்ல ஃபோட்டோம்மா, எடுக்க மனசு வரல. ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

மத்தியானம் அவள் முகத்தின் மேல் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். சாயங்காலம் புருஷன் நிமிர்ந்து பார்த்தான். "இப்ப சரி. யாருன்னு தெரியாது" என்றான். செல்வி பைக்கில் ஏறினாள். மேலே அவள் கால் மட்டும் பந்தை உதைத்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் நான் தேடியது என் முகத்தை. பின்னால், கோலில், அரை டவுசரில் நான் தெளிவாகவே தெரிகிறேன்.

ஆடியதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவருக்கு நாளை லீவாம். பஸ் வேண்டாம், கேட் வரைக்கும் தானே கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார்.