விரதம் இருக்காத செல்கள்

என் அன்புச் சண்டைக்காரி சொர்ணம் மதினிக்கு,

நீ இருக்கிற இடத்தில் இருமல் கிடையாது என்று நானாக முடிவு செய்துகொண்டு இதை எழுதுகிறேன். அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே நீ எனக்கு மதினிதான், மாமா மகள். சின்ன வயதிலிருந்தே நீ, வா, போ என்று பேசிப் பழகியாயிற்று. போனவர்களுக்கு மரியாதை கூடுதலாக வேண்டும் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், எனக்கு வராது.

முதலில் ஊர்ச் செய்தி. உன் அங்கன்வாடிக்குப் புது டீச்சர் வந்தாயிற்று. அவள் பிள்ளைகளை அதட்டுவதில்லை, பிள்ளைகள்தான் அவளை அதட்டுகின்றன. அண்ணன் இன்னும் அதே சீவலப்பேரி டவுன் பஸ்ஸைத்தான் ஓட்டுகிறான். நீ போனதிலிருந்து அம்மா அந்த பஸ்ஸில் ஏறவில்லை. அவன் வண்டி வந்து நின்றால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள், அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரமானாலும் சரி. கோபமெல்லாம் இல்லை, மகன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவள் பொங்கி வைப்பாள், அவன் ஓட்டலில் தின்றுவிட்டு வந்து படுத்துக்கொள்வான்.

காரணம் உனக்குத் தெரியும். கூட நின்று படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

பீடிப் புகை பக்கமே போகாத உனக்கு நுரையீரலில் புற்று என்றார்கள். உன் கட்டியில் ஒரு மரபணு மாறியிருக்கிறது, அதற்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது என்றார் டாக்டர். தினம் ஒன்று. சில வாரங்களில் நீ மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினாய். அம்மா அதை அம்மன் அருள் என்றாள், நான் மாத்திரை என்றேன். “ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, மூச்சு எனக்குத்தான வருது” என்று நீ எங்களை அடக்கினாய்.

உனக்குத்தான் எதையும் கேட்காமல் விழுங்கத் தெரியாதே. “ஏட்டி, எந்தச் செல்லக் கொல்லணும்னு அந்த மாத்திரைக்கு எப்படித் தெரியும்?” என்றாய். செல்லின் மேல் ‘வளர்’ என்று சொல்கிற ஒரு சுவிட்ச் இருக்கிறது, உன் கட்டியில் அது போட்டபடியே சிக்கிக்கொண்டது, மாத்திரை அதன் இடுக்கில் போய் உட்கார்ந்து அணைக்கிறது என்றேன். “நல்ல செல்லுலயும் அந்தச் சுவிட்ச் இருக்கும்லா?” என்று உடனே அடுத்த கேள்வி. இருக்கிறது, தோலில் நிறையவே இருக்கிறது, அதனால்தான் உன் முகமெல்லாம் பரு என்றேன். நீ கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “திரும்ப வயசுப்பிள்ளை ஆயிட்டேன், உங்க அண்ணன்ட்ட சொல்லு” என்று சிரித்தாய்.

அந்த வருஷம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு அம்மா உனக்காக நேர்ந்துகொண்டாள். நீ மாலை போட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்து, குறத்தி வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்கினாய். பரு மொத்தமும் அரிதாரத்துக்குள் மறைந்துபோயிற்று. அண்ணன் ஓட்டிவந்த பஸ்ஸையே மறித்து அவனிடம் கையேந்தினாய், வண்டியில் இருந்த சனமெல்லாம் சிரித்தது. மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விடவில்லை. அந்த ஒரு வேளைச் சோற்றுக்குப் பிறகு தவறாமல் போட்டுக்கொண்டாய்.

அடுத்த கோடையில் இருமல் திரும்பி வந்தது. மாத்திரை இனிக் கேட்காது என்றார் டாக்டர். அன்றைக்கு அண்ணன் அம்மாவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “வயித்தக் காயப்போட்டு மருந்த முறிச்சிட்டியளே.” டாக்டர் அப்படி இல்லை என்று எடுத்துச் சொன்னார். இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஏறக்குறைய ஒரேபோல்தான் ரத்தத்தில் சேரும் என்றார். ஆறுதலுக்குச் சொல்லுதார் என்று அண்ணன் நினைத்தான். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். உன்னைத் தன் அண்ணன் மகள் என்று பார்த்துப் பார்த்து மருமகளாக எடுத்தவள், தன் கையாலேயே உன்னைக் கெடுத்துவிட்டதாக நம்பினாள். அதற்குப் பிறகு அவள் குலசேகரன்பட்டினம் பக்கமே போகவில்லை.

நீயும் அதைத்தானே நினைத்தாய்? ஆஸ்பத்திரியில் அம்மா வெளியே போன நேரமாகப் பார்த்து என்னிடம் கேட்டாய். “செண்பகம், நான் விரதம் இருந்ததாலயா?” இல்லை மதினி என்றேன். “தெரிஞ்சு சொல்லுதியா, சமாதானத்துக்குச் சொல்லுதியா?” என்றாய். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. புற்றுநோய் மருந்து மனிதர்களுக்கு வருவதற்கு முன்னால் அதைச் செல்லிலும் எலியிலும் சோதித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. உன் கேள்விக்கு டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடிந்ததே தவிர, நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது என்று எதுவும் கையில் இல்லை. எனக்கு அழுகையாக வந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடப்பதைக் கேள். உன்னுடையதைப் போலவே சுவிட்ச் சிக்கிக்கொண்ட நுரையீரல் புற்றுச் செல்களை வளர்க்கிறோம். எந்த நாட்டிலோ எப்போதோ வாழ்ந்த ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்தவை, பெயர் எனக்குத் தெரியாது. உடம்புச் சூட்டில் ஒரு பெட்டி, அதற்குள் தட்டுகள், தட்டுகளில் இளஞ்சிவப்பாக ஒரு திரவம். அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. பொங்கல், தீபாவளி என்று லீவு கிடையாது, போய் மாற்றியாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவசரமாகக் கிளம்பியபோது அம்மா பிடித்துக்கொண்டாள். “எங்க ஓடுத?” செல்லுக்குச் சாப்பாடு மாத்தணும் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். “என் மருமவளத் தின்ன சனியனுக்கு நீ சோறு போட்டு வளக்கியா?” என்றாள். கொல்லணும்னா முதல்ல அது உயிரோட இருக்கணும்லாம்மா என்றேன். அவள் அடுக்களைக்குள் போனாள். நான் பஸ்ஸில் போகும்போது யோசித்தேன், அவள் கேட்டதில் என்ன தப்பு?

எங்களுடைய வேலை இரண்டாவது ஒரு மருந்தைப் பரிசோதிப்பது, முதல் மாத்திரைக்குத் தப்பிய செல்களை அடிக்கிற மருந்து. அதைச் சோதிக்க, மாத்திரைக்குத் தப்பிய செல்கள் வேண்டும். அவை எங்கிருந்து வருகின்றன என்றும் தெரிய வேண்டும். மாத்திரை வந்த பிறகு அதைப் பார்த்துப் பழகி மாறுகின்றனவா, இல்லை, மாத்திரை வருவதற்கு முன்னாலேயே கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கின்றனவா? மதினி, எங்கள் திட்ட அறிக்கையில் இதை முதலில் வாசித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ கேட்ட கேள்வியைத்தான் வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். முன்னாலேயே ஒளிந்திருந்தன என்றால் விரதத்தின்மேல் பழி போட இடமே இல்லை.

அதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய உபாயம் இருக்கிறது, கேட்டால் நீ கையைத் தட்டுவாய். நிறையக் குட்டித் தட்டுகளை எடுத்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் செல்களைப் போட்டுத் தனித்தனியாகப் பெருக விடுவது. பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே அளவு மருந்து. மருந்தைப் பார்த்துத்தான் மாறுகின்றன என்றால் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே கணக்கில் பிழைத்திருக்க வேண்டும். முன்னாலேயே இருந்தன என்றால், எந்தத் தட்டில் தப்பக்கூடிய செல் சீக்கிரமாகப் பிறந்து பெருகியதோ அங்கே ஒரு கூட்டமும் மற்றதில் வெறுமையும் இருக்கும். பிழைத்தவை கண்ணுக்குத் தெரிய ஒரு சாயம் ஊற்றினேன். பெரும்பாலான தட்டுகள் கழுவிவைத்த கண்ணாடி. இங்கொன்று அங்கொன்றில் இரண்டு மூன்று புள்ளிகள். ஒரே ஒரு தட்டில் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் கொத்துக் கொத்தாக. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

எங்கள் மேடத்திடம் அனுமதி வாங்கி அண்ணனைக் கூப்பிட்டேன். டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தான். தட்டுகளை வரிசையாக மேஜைமேல் வைத்தேன். சாயம் ஊற்றியதில் பிழைத்தவையும் செத்தாயிற்று, தைரியமாகப் பார் என்றேன்.

“எல்லாத்துக்கும் ஒரே மருந்தா?”

“ஒரே மருந்து, ஒரே அளவு.”

“இதுக்கு மட்டும் யாரும் மருந்து ஊத்த மறந்திருப்பாவளோ?”

“நான்தான்ணே ஊத்தினேன்.”

அண்ணன் குனிந்து அந்தக் கத்தரிப்பூத் தட்டையே பார்த்தான். “அப்போ இங்கன மட்டும் எப்படிட்டி இவ்வளவு?” என்றான். மருந்து வருமுன்னாலேயே அதற்குள் ஒன்று இருந்திருக்கிறது, அது மருந்துக்கு அடங்காத சாதி, மற்றதெல்லாம் சாகச் சாக அதற்கு இடம் கிடைத்தது என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “தட்டுல இருக்கது என் பொண்டாட்டி இல்லலா. இதுக்கு வயிறு ஏது, விரதம் ஏது?”

“அதத்தாண்ணே சொல்லுதேன். வயிறே இல்லாத இடத்துலயும் தப்பிச்சிருக்கு. மருந்து ஒரு நாளும் குறையல. அப்பவும் தப்பிச்சிருக்கு.”

“சரி. அவ உடம்புலயும் இதான் நடந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லுவியா?”

பார்த்தாயா, உன்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் அவனுக்கும் உன் வாய் ஒட்டிக்கொண்டது. நான் பொய் சொல்லவில்லை. அடித்துச் சொல்ல முடியாது, மதினியின் கட்டியை யாரும் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை, ஆனால் விரதம்தான் காரணம் என்று நினைக்க எனக்கு ஒரு முகாந்திரமும் தெரியவில்லை என்றேன். அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான். சத்தியம் பண்ணியிருக்கலாமோ என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்தேன்.

மறுநாள் காலை அண்ணன் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி, கதவுப் பக்கம் எட்டிப் பார்த்து, “ஏறுங்க” என்றானாம். அம்மா பின்னால் யாரையோ சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். “உங்களத்தாம்மா. செண்பகம் லேபுக்குப் போணும், ஏறுங்க.” கண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறார். வண்டியை ஜங்ஷனில் விட்டுவிட்டு, இடையில் கிடைத்த நேரத்தில் ஆட்டோ வைத்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

அம்மா தட்டைத் தொடவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். நான் முதலிலிருந்து பைய விளக்கினேன். “இது யாரு உடம்புல உள்ளது?” என்றாள். யாரென்று தெரியாது, எப்போதோ இறந்துபோனவர் என்றேன். “அவுகளுக்கும் வீட்டுல ஆள் இருந்திருப்பாவல்லா” என்றாள். பிறகு நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அப்போ நான் அவளக் கொல்லலையா?”

“இல்லம்மா.”

“சத்தியமா?”

எனக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்று மனசுக்குள் அளந்துகொண்டு நின்றேன். அண்ணன் முந்திக்கொண்டான்.

“இல்லம்மா. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்.” பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “வயிறு பசிக்கி. மத்தியானம் வீட்டுக்கு வாரேன், என்ன இருக்கு?”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “புளிக்கொழம்புதான் வச்சேன்” என்றாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவள்போல. “போதும்” என்றான்.

மதினி, உனக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இவர்களுக்குச் சொன்னேன், நேரம் கழித்துச் சொன்னேன். நீ வேஷம் கட்டி ஆடிய அந்த நாட்களை எடுத்து உன் சந்தோஷக் கணக்கில் சேர்த்துக்கொள், யாரும் அதைக் குறை சொல்லப்போவதில்லை. தப்பிய செல்களில் இன்னொரு தினுசும் இருக்கிறது. மருந்து இருக்கும்வரை வளராமலும் சாகாமலும் சும்மா கிடக்கும், மருந்தை எடுத்தால் எழுந்துகொள்ளும். ஏன் என்று யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. எங்கள் இரண்டாவது மருந்து அதை அடிக்குமா என்று அடுத்த வாரத்திலிருந்து பார்க்கப்போகிறேன். அது எலி வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிடலாம், நிறைய மருந்துகள் அப்படித்தான் நின்றுபோகின்றன. என்ன ஆனாலும் பார்த்ததைப் பார்த்தபடி உனக்கு முதலில் சொல்வேன், சமாதானத்துக்கு ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

அம்மாவுக்கு மகள், அண்ணனுக்குத் தங்கை, இவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் உனக்கு அத்தை மகள்,
செண்பகம்